கொட்டகையின் பெண்கள் பக்கம்

எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் சில நாள் மார்க்கெட் நிலவரமும் சினிமா விளம்பரமும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக அமைந்துவிடும். அந்த நாட்களில் எனக்குச் சங்கடம்தான். மாமனார் கடலை விலை இருக்கிற தாளை உருவி, மடித்து, மண்டியில் நாலு பேருக்குக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரோடு சினிமாவும் போய்விடும். சாயங்காலம் அது திரும்பி வரும்போது நாயகியின் முகமெல்லாம் கடலைத் தூசி அப்பியிருக்கும்.

இன்றைக்கு அந்தத் தாள் தப்பித்து என் கையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கச்சா பிலிம் வருவதில் தட்டுப்பாடு, சினிமாத் தொழிலில் இருப்பவர்கள் கவலை என்று ஒரு செய்தி. அதற்குக் கீழேயே கடலை எண்ணெய் விலை ஏறியிருக்கிறது. நான் திருக்கோகர்ணத்தில் பள்ளிக்கூடம் போன நாளில் சினிமாவைத் தொழில் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் சுவரொட்டியைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாலே என் அம்மா முழங்கையில் கிள்ளுவாள். அது தொழில்தான் என்று எனக்குப் புரிந்தது கல்யாணத்துக்கு அப்புறம். ஒரு மாசி மாதம், என் கணவர் ஊரில் இருப்பாரா, பினாங்குக்குக் கப்பலேறிவிடுவாரா என்பது எங்கள் டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கம் நிறைகிறதா இல்லையா என்பதைப் பொறுத்திருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். சின்னவன் தூங்குகிறான். நிஜமாகவே தூங்குகிறானா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தாயிற்று.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், பஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. மாமனாருக்குக் கடலை மண்டி. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனாருக்குப் படிக்கத் தெரியும், பார்வைதான் மங்கல். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்பதால், மத்தியான பஸ்ஸில் பத்திரிகை வந்ததும் விலைப் பக்கத்தை நான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று வந்த முதல் வாரமே முடிவாகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனாருக்கு எதிரே நின்று பேசுவது வழக்கமில்லை. அதனால் நான் கதவுக்குப் பின்னால் நின்று வாசிப்பேன். அவர் கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து கதவோடு பேசுவார்.

"விருதுநகர் என்ன சொல்றான் ஆத்தா?"

"ஏறியிருக்கு மாமா."

"பம்பாய்?"

"கொஞ்சம் இறங்கியிருக்கு."

"பம்பாய்க்காரனுக்கு என்னைக்கு நல்ல புத்தி இருந்துச்சு! சரி, மேல படி."

கதவுக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில், என் கணவர் நின்றுகொண்டு தாளைத் திருப்பச் சொல்லிச் சைகை காட்டுவார். எண்ணெய் விலை முடிவதற்குள் எந்தப் படம் எந்த ஊரில் எத்தனையாவது வாரம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நான் வாய்க்கு விலையும் கண்ணுக்கு விளம்பரமுமாகத் திண்டாடுவேன். ஒரு தடவை பருத்திக்கொட்டை விலைக்கு நடுவே ஒரு படத்தின் வாரக் கணக்கை வாசித்துவிட்டேன். கதவின் அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "அது எந்த ஊரு மார்க்கெட்டு ஆத்தா?" என்று கேட்டார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கோபமாகக் கேட்டாரா, கேலியாகக் கேட்டாரா என்று கதவு வழியாக எப்படித் தெரியும்?

கடலை எடுத்துக் காயவைத்து முடிந்ததும் எங்கள் களம் காலியாகிவிடும். மார்கழியில் அறந்தாங்கிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அந்த இடத்தில் கொட்டகை போட்டுப் படம் காட்டுவார். மறுபடி கடலை வரும்வரை கொட்டகை நிற்கும். நான் கல்யாணமாகி வந்த பிறகு இரண்டு வருஷம் அப்படி நடந்தது. மூன்றாவது வருஷம், என் மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது, பெரியவருக்கு முழங்கால் விட்டுப்போய்விட்டது. கூடாரத் துணி, புரொஜெக்டர், ஆயில் என்ஜின், ரிக்கார்டுகள், குழாய் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆப்பரேட்டரும் கூடவே நின்றுகொண்டார்.

மாமனாருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "கடலைன்னா கையில அள்ளிப் பாத்து வெலை சொல்லலாம். நிழலை அள்ளி எந்தச் சாக்குலடா கட்டுவே?" என்றார். ஆனாலும் ஒரே மகன். கடைசியில் ஒரு கெடு வைத்தார்.

"மாசி முடிய பாப்பேன். ஆம்பளை வந்தா ஒத்தை ஆளு. பொம்பளை வந்தாத்தான் வீடே கெளம்பி வரும். பொம்பளைங்க பக்கம் காலியாக் கெடந்துச்சுன்னா கொட்டகைய அவுத்துக் கட்டிட்டு ஒங்க அண்ணனோட கப்பலேறு."

அண்ணன் என்று அவர் சொன்னது என் கணவரின் பெரியப்பா மகனை. பினாங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார், மாசிக் கடைசியில் திரும்புவதாக இருந்தது. கடைக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவரும், "கொட்டகை சரிப்படலேன்னா வாரேண்ணே" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். எங்கள் ஊரில் கப்பலேறிப் போனவர்கள் சீக்கிரம் திரும்பியதில்லை. அடுத்த தெருவில் ஒரு பையன், ஊருக்கு வந்த அப்பாவைப் பார்த்து, "இந்த ஆளு எப்பம்மா போவாரு?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொடக்கத்தில் கவலைக்கு இடமே இல்லாதபடி எல்லாம் நன்றாக நடந்தது. காலையில் தட்டி கட்டிய மாட்டு வண்டி கொட்டு முழக்கத்தோடு போகும். நோட்டீசுக்காகப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். சாயங்காலம் களத்து மண்ணில் ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம், நடுவே இடுப்பளவு மண்சுவர். பெண்கள் பக்கத்து மூங்கில் கால்களில் சேலையைக் கட்டித் தூளி போட்டுவிடுவார்கள். ஐந்தாறு தூளிகள் ஆடும். படத்தில் கதாநாயகி அழுதால் ஒரு கை கண்ணைத் துடைக்கும், இன்னொரு கை தூளியை ஆட்டும். வில்லன் வந்தால் தூளி வேகமாக ஆடும். முதல் நாள் நான் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, மூங்கில் தாங்குமா, துணியில் காற்று வருமா, என்ஜின் புகை குழந்தைக்கு ஆகுமா என்று பயந்துகொண்டே பாதிப் படம் பார்த்தேன். மீதிப் பாதியில் எனக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில், பம்பாயில் பெரிய தியேட்டர் நடத்துகிற ஒருவரைப் பற்றிக் கட்டுரை வந்தது. அவர் தியேட்டரில் எல்லாம் கடிகாரப்படி நடக்குமாம். மணி அடித்தால் படம். பழைய பாட்டுக்கே இடமில்லை, புதுப் பாட்டுகள்தான். நான் அதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு வெண்கல மணியும் புதுப் படங்களின் ரிக்கார்டுகளும் வாங்கி வந்தார்.

அதுவரை கொட்டகையில் விளக்கு வைக்கும் நேரத்தில் முதலில் போடுவது ஒரு பழைய பிள்ளையார் பாட்டு. பெரியவர் காலத்து ரிக்கார்டு. தேய்ந்து தேய்ந்து ஓர் இடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். பாடுகிறவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆப்பரேட்டர் வந்து தட்டினால்தான் மேலே போவார். கடிகாரம் வந்த அன்று என் கணவர் அதை எடுத்து மூலையில் போட்டார். மத்தியானம் மூன்று மணியிலிருந்தே குழாயில் புதுப் பாட்டுகள் மாற்றி மாற்றி ஓட ஆரம்பித்தன. நேரமானதும் மணி. உடனே படம். படம் தொடங்கும் நேரத்தை அவர் மாற்றவில்லை. பெரியவர் தொடங்கிய அதே நேரம்தான். எனக்கு ஒரே பெருமை. பம்பாய்க்கும் எங்கள் களத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் பெண்கள் பக்கம் இளைத்தது. மறு வாரம் தூளி கட்டிய மூங்கில்கள் வெறுமனே நின்றன. ஆண்கள் பக்கம் மட்டும் குறையவே இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். படம் சரியில்லை என்றார் ஆப்பரேட்டர். படத்தை மாற்றினார்கள், பிறகு சாமி படமே கொண்டுவந்தார்கள். சாமி மட்டும் தனியாக ஆடிவிட்டுப் போனார். மாமனாருக்குத் தன் காரணத்தில் சந்தேகமே இல்லை.

"கடலை வெலை இறங்கியிருக்கு. வெலை இறங்குனா நான் சரக்கைப் பிடிச்சு வைக்கிறேன். கடலை உடைக்கிற பொம்பளைங்களுக்கு வேலை கொறையுது. வேலை கொறைஞ்சா படம் எங்கிட்டுப் பாக்குறது? இது கூடவா தெரியாம தொழில் பண்றான்?"

அது எனக்கும் சரியென்றே பட்டது. அதனால் அந்த நாட்களில் நான் விலைப் பக்கத்தை வாசித்த மாதிரி என்றும் வாசித்ததில்லை. பஸ் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை விருதுநகரும் ஏறி, பம்பாயும் ஏறியிருந்தது. கதவுக்குப் பின்னால் நான் இரண்டையும் இரண்டு தடவை வாசித்தேன். மாமனார் மண்டியில் சரக்கை வெளியே எடுத்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலை உடைக்கும் பெண்கள் இருபது பேருக்கு மேல் வந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பிலும் சத்தத்திலும் காது கிழிந்தது. அன்று சாயங்காலம் கொட்டகையில் பெண்கள் பக்கம் மூன்று பேர். அதில் ஒருத்தி முறுக்கு விற்க வந்தவள்.

மறுநாள் நான் பின்பக்கம் போய் அவர்களோடு உட்கார்ந்து கடலை உடைத்தேன். நேராகக் கேட்க வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டு அக்காதான் அங்கே பெரிய வாய்.

"என்னக்கா, படத்துக்கு வர்றதே இல்ல?"

"எங்க தங்கச்சி! எங்க வீட்டு ஆளுக்கு வயித்துவலி."

"தெனமுமா?"

"அவருக்கு வயிறு தெனமும் இருக்குல்ல!"

இன்னொருத்தி, மாடு கன்று போட்டிருக்கிறது என்றாள். இன்னொருத்தி, "போலாம்னுதான் கெளம்புறேன், அதுக்குள்ள நேரமாயிருது" என்றாள். "ஒனக்கு என்னைக்கு நேரம் ஆகலை? ஒன் கல்யாணத்துலயே மாப்பிள்ளை தூங்கிட்டானாமே!" என்று அக்கா அவளை மடக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து, இவர்களுக்கு எங்கள்மேல் ஏதாவது மனஸ்தாபம் இருக்குமோ, என் பேச்சில் ஏதாவது படிப்புத் திமிர் தெரிந்திருக்குமோ என்று யோசித்து யோசித்து மகளுக்கு இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

பினாங்குக்காரர் நாள் தவறாமல் வந்துபோனார். பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கப்பலில் என்ன சாப்பாடு என்றெல்லாம் சொன்னார். நல்ல மனிதர். என் மகளுக்குத் தகர டப்பாவில் பிஸ்கட் கொடுப்பார். அதை வாங்கும்போதெல்லாம் அவள் அப்பாவை விற்று வாங்குகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

மாசி பாதி ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம், எப்படியாவது நானாவது போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தேன். மகளுக்குச் சட்டை மாட்டினேன். அரிசியைக் களைந்து வைத்தேன். அடுப்பில் விறகும் வைத்தாயிற்று. பற்றவைக்கவில்லை. நேரம் இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. குழாயில் ஏதோ புதுப் பாட்டு. அது முடிந்து இன்னொரு பாட்டு. நான் தலையைப் பின்னிக்கொண்டேன். திடீரென்று பாட்டு நின்றது. தூரத்தில் மணிச் சத்தம். ஆயில் என்ஜின் மட்டும் தடதடவென்று ஓடியது. அதற்குமேல் காற்றில் ஒரு ஆண்பிள்ளைக் குரல், வசனம் பேசுகிறது.

படம் ஆரம்பித்துவிட்டது. என் கையில் தீப்பெட்டி இருந்தது.

"இன்னும் பாட்டே போடலையே!" என்று நான் சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மூன்று மணியிலிருந்து பாட்டுப் பாட்டாகத்தானே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? நான் எந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தேன்?

வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டு அக்கா அகப்பையும் கையுமாக அவள் வாசலில் நின்றிருந்தாள். அதற்கடுத்த வீட்டில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு, பாதி கட்டிய சேலையோடு நின்றாள்.

"போட்டுட்டாங்களா தங்கச்சி?" என்றாள் அக்கா. "நான் இப்பத்தான் ஒலை வைக்கலாம்னு பாக்குறேன்."

"நானும் இன்னும் வைக்கலக்கா."

"அதுக்குள்ள எப்படி?"

"அக்கா, முன்னாடியெல்லாம் எப்ப ஒலை வைப்பீங்க?"

அவள் அகப்பையால் தோளைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். "எப்ப வைப்பேன்... பிள்ளையார் பாட்டுப் போடுவாங்க, வைப்பேன். அவரு மாட்டிக்கிட்டு அங்கனயே சொல்லிக்கிட்டு இருப்பாருல்ல, அப்ப அடுப்பு பிடிச்சிரும். பெறகு நாலஞ்சு பாட்டு. அதுக்குள்ள சோறு வடிச்சு, அந்த மனுசனுக்கு எலையைப் போட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அட, ஆமா தங்கச்சி! அந்தப் பாட்டைக் காணோமே!"

"எங்க காணோம்?" என்றாள் சேலை கட்டிக்கொண்டிருந்தவள்.

"ஒன் இடுப்புல தேடு! பாட்டைக் காணோங்கிறேன்டி!"

அந்தச் சந்தில் ஒரு வீட்டிலும் கடிகாரம் இல்லை. இரண்டு வருஷமாக எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த ஒரு பாட்டை வைத்து உலை வைத்து, சோறு வடித்து, பரிமாறி, கொட்டகைக்கு நடந்திருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானும் அப்படித்தான் சமைத்திருக்கிறேன். திருக்கோகர்ணத்தில் கடிகாரம் பார்த்துப் பள்ளிக்கூடம் போனவள், இரண்டு வருஷத்தில் எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. பாட்டு நின்றதும், நேரம் தெரியாமல் போனது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. வயிற்றுவலி, மாடு, கன்று என்று ஆளுக்கொன்று தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை இதை என் கணவரிடம் சொல்வதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பாட்டுக்காகவா? நான்தான் ஏதோ கற்பனை செய்கிறேனோ? தவறாகச் சொல்லி, அதை நம்பி, மாசியும் முடிந்துவிட்டால்? சொல்லாமல் விட்டால் அதைவிட மோசம். இட்லி வைத்துக்கொண்டே சொன்னேன்.

"ஒரு பழைய ரிக்கார்டு போடாததுக்கா வரல? அதான் மணி அடிக்கிறேனே. ஊருக்கே கேக்குது."

"மணி அடிச்சா படம் போட்டாச்சுன்னுதாங்க அர்த்தம். ஒலை வைன்னு யாரு சொல்றது?"

அவர் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டார். கூடத்திலிருந்து மாமனாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவோடு பேசிப் பழகியவர் என்பதால் அங்கிருந்தே சொன்னார்.

"ஏலம் விடுறதுக்கு முன்னால தமுக்கு அடிக்காம, ஏலம் முடிஞ்சதும் அடிச்சானாம் ஒருத்தன். ஆத்தா சொல்றது சரிடா. போட்டுப் பாரு. போடுறதுக்கு என்ன, காசா கேக்குது?"

ரிக்கார்டைத் தேடினார்கள். கொட்டகையில் இல்லை. ஆப்பரேட்டர் பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். நான் வீட்டில் பரணையெல்லாம் தேடினேன். பெரியவரைத் தேடி அறந்தாங்கிக்கு ஆள் அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது பின்பக்கம் கடலை உடைக்கும் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். போய்ப் பார்த்தால், என் மகள் அவர்கள் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் கறுப்புத் தட்டில் கடலைத் தோலை அள்ளிப் போட்டு, உதட்டைக் குவித்து, ஊதி ஊதிப் புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவோடு கொட்டகைக்குப் போன ஏதோ ஒரு நாள் மூலையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். முறத்துக்குப் பதில் அதுதான் அவளுடைய சொளகு. வெயிலில் கிடந்து ஒரு பக்கம் அலைபோல வளைந்திருந்தது.

பிடுங்கப்போனதும் ஊரைக் கூட்டினாள். என் கணவர் அவள் முன்னால் மண்டியிட்டு, "பாப்பா, அப்பாவுக்குக் குடும்மா" என்று கெஞ்சினார். அவள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் மாமனார் தெருக்கோடிக்குப் போய்ச் சின்னதாக ஒரு நிஜச் சொளகு முடைந்து வாங்கி வந்தார். அதைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் பாட்டை விட்டாள். வியாபாரம் தெரிந்த குடும்பம் அல்லவா!

ஆப்பரேட்டர் ரிக்கார்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே, "பாடுனாலும் பாடும், படுத்தாலும் படுத்துரும்" என்றார்.

அன்று மத்தியானம் குழாயில் ஒரு சத்தமும் வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். ஊர் விசித்திரமாக அமைதியாக இருந்தது. விளக்கு வைக்கும் நேரம். நான் அடுப்படியில் நின்றேன். என் கையில் மறுபடியும் தீப்பெட்டி. முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு பிள்ளையார் பாட்டு. ஆனால் பாடுகிறவருக்குக் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி குரல் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஆடியது. ஐயோ, அடையாளமே தெரியாதே என்று நினைத்தேன். அப்போது ஊசி அந்தப் பழைய இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. ஒரே சொல், ஒரே சொல், ஒரே சொல்.

எதிர்வீட்டிலிருந்து அக்காவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. "ஏய், வந்துட்டாருடி! குளிச்சுட்டு ஈரத்தோட வந்திருக்காரு போல, நடுங்குறாரு!" யாரோ சிரித்தார்கள். யாரோ பாத்திரத்தை நங்கென்று அடுப்பில் வைத்தார்கள். நான் தீக்குச்சியைக் கிழித்தேன். வெளியே எட்டிப் பார்த்தபோது கூரைக்குக் கூரை புகை எழுந்துகொண்டிருந்தது.

அன்று பெண்கள் பக்கம் பாதி நிறைந்தது. மறுநாள் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை தூளி கட்ட மூங்கில் போதவில்லை. இரண்டு பெண்கள் ஒரு மூங்கிலுக்குச் சண்டை போட்டு, கடைசியில் ஒரே தூளியில் இரண்டு குழந்தைகளையும் போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் ஆட்டினார்கள். பினாங்குக்காரர் அன்று படம் பார்க்க வந்தார். ஆண்கள் பக்கத்தில் நாற்காலி, பெஞ்சு எதிலும் இடமில்லை. வெள்ளை வேட்டியோடு மணலில் உட்கார்ந்து, மண்சுவருக்கு அந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?" என்று என் கணவர் வாசலிலிருந்து கேட்டார்.

"எனக்கு ஆள் தேடுறேன்டா. நீ இனிமே அகப்பட மாட்டே."

மாமனார் படம் பார்க்க உள்ளே வரவில்லை. களத்து ஓரத்தில் நின்று பெண்கள் நுழைகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கதவு வழியாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்: "அடுத்த கடலைக்கு வேற களம் பேசிட்டேன் ஆத்தா. அவன்கிட்ட சொல்லிரு." நான் பத்திரிகையைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். சத்தம் கேட்டிருக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர், "விருதுநகர் அவ்வளவு மோசமா?" என்றார்.

பத்திரிகையில் எந்தப் படம் எத்தனை வாரம் ஓடுகிறது என்று வருகிறது. கடலை எண்ணெய் ஏறியது இறங்கியது எல்லாம் வருகிறது. அதையெல்லாம் நான் இன்றும் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறேன். ஆனால் படத் தொழிலில் இருப்பவர்கள் கவலைப்படுகிறார்கள் என்று படித்தால், அவர்கள் வீட்டில் யாராவது தீப்பெட்டியோடு நிற்கிறார்களா என்று விசாரித்தார்களோ என்று தோன்றும். எனக்கு என்ன தெரியும்? பம்பாயில் பெண்கள் கடிகாரம் பார்த்துத்தான் உலை வைப்பார்களாயிருக்கும்.

பினாங்குக்காரர் கிளம்பிய நாள் மாசியின் கடைசி. புதுக்கோட்டை போகும் சாயங்கால பஸ்ஸில் ஏறினார். என் கணவரால் வழியனுப்பப் போக முடியவில்லை. ரிக்கார்டு போடும் நேரம். நானும் சமையலை முடித்து மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். ரோட்டைத் தாண்டித்தான் களத்துக்குப் போக வேண்டும். தூளிச் சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போனார்கள். பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"ஏந்தாயி, வழி விடுங்க! இதுல ஒருத்தரு கப்பலப் பிடிக்கணும்!"

"கப்பல் நிக்கும்ய்யா! படம் நிக்குமா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஜன்னலோரத்தில் பினாங்குக்காரர் இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார். அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். அவர் பாவம், தனியாகப் போகிறாரே. எங்களுக்கும் பின்னால் ஒருநாள், போயிருக்கலாமோ என்று தோன்றுமோ? ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லியிருக்க வேண்டுமோ? பதிலுக்குக் கை ஆட்டலாமா, அது மரியாதையா என்றுகூடத் தெரியவில்லை. என் இடுப்பிலிருந்த மகள் அதையெல்லாம் யோசிக்காமல் இரண்டு கையையும் ஆட்டினாள். அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா தங்கச்சி, மூங்கில் போயிரும்!"

நாங்கள் ஓடினோம்.